ஆபரேஷனுக்குப் பிறகான மூன்று மாதம்

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதி சர்வீஸ் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் போனது. ஆண்களைக் கருத்தடை ஆபரேஷனுக்கு அழைத்து வருவதும் எங்கள் வேலைதான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேல்ச்சாமி கேஸைச் சொல்லியாக வேண்டும்.

1. வாசலில் வந்த சத்தம்

தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் பிள்ளைகளோடு தாய்மார்கள் நின்றிருந்தார்கள். கடம்பூர் பக்கத்து வேல்ச்சாமி உள்ளே வராமல் அங்கேயே நின்று கத்தினான்.

"குழாயை வெட்டியாச்சுன்னு சொன்னியள்ளா சார்? எம் பொண்டாட்டி வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கா. அது யாரு பிள்ளை?"

கூட்டம் முழுக்கக் கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கேட்டது.

அவன் மனைவி மாரீஸ்வரி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் பிழைத்ததே பெரிய காரியம். இருதய வால்வில் கோளாறு. இன்னொரு பிரசவம் தாங்காது, மயக்க மருந்து கொடுத்து அவளுக்கு ஆபரேஷன் செய்வதும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் வேல்ச்சாமி முன்வந்தான். மூட்டை தூக்க முடியாமல் போகும் என்று கூட்டாளிகள் பயமுறுத்தியும் வந்தான். கெட்டவன் இல்லை.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது எல்லாருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னோம். வெட்டிய பிறகும் குழாயில் உயிரணு மிச்சம் இருக்கும். மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும். பிறகு செமன் டெஸ்ட், அதாவது விந்துப் பரிசோதனை. அதில் உயிரணு இல்லை என்று வந்தால்தான் ஆபரேஷன் பலித்தது என்று அர்த்தம். தலையை ஆட்டிவிட்டு ஆணுறைப் பாக்கெட்டுகளை வாங்கிப் போனான்.

"அதையெல்லாம் என்னப்பா செஞ்ச?" என்று வாசலில் கத்திய அன்றே கேட்டேன்.

"ஊர் விலக்குல பஸ்ஸ விட்டு இறங்கினதும் ஓடையில போட்டுட்டேன். எங்க வீடு ஒத்த ரூம்பு. ஆபரேஷன் செஞ்சவன்கிட்ட உறை எதுக்கு, எவளுக்குன்னு எங்கம்மா கேக்க மாட்டாளா?"

டெஸ்ட்டுக்கும் அவன் வரவில்லை. தாய்க்காரி தன் கணக்கைப் போட்டுவிட்டாள். "ஏலே, ஒனக்கு அறுத்தாச்சு. அவளுக்கு எப்படிலே நிக்கும்?" அந்த வார்த்தையோடு மாரீஸ்வரி ஓட்டப்பிடாரம் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

2. அவள் வரமாட்டேன் என்றது

கிராம சுகாதார செவிலியரோடு போய்ப் பார்த்தேன். காலெல்லாம் வீக்கம். பேசும்போதே மூச்சு வாங்கியது. இப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்தால் கருவைக் கலைத்து உயிரைக் காப்பாற்றலாம் என்றோம்.

"அவிய வந்து எம் பிள்ளைதான்னு நாலு பேரு முன்னால சொல்லட்டும் சார், வாரேன். இப்பக் கலைச்சா, குத்தம் செஞ்சவ கலைச்சிட்டான்னுல்லா ஊரு பேசும். எம் பிள்ளைய ரெண்டும் அதைக் கேட்டா வளரணும்?"

"உயிரு போயிரும்ட்டி" என்றார் செவிலியர்.

"போனாப் போகுது."

அவனை நம்பவைக்க டெஸ்ட் ஒன்றுதான் வழி. வேல்ச்சாமியிடம் ஓடினேன். லேபில் பொம்பளைப்பிள்ளை இருக்கிறாளே, அவளிடம் எப்படிக் கொடுப்பது என்றான். நானே வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன். மழை பெய்திருந்தது. உளுந்து விதைப்பு முடியட்டும் என்றான். விதைப்பு முடிந்ததும் களையெடுப்பு என்றான். அவனை அறைந்துவிடலாமா என்றிருந்தது. வெள்ளாமை காத்திருக்காது, பெண்டாட்டி காத்திருப்பாள் என்று நினைத்துவிட்டான்.

மாரீஸ்வரியால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறாள் என்று செவிலியர் போய்ச் சொன்ன பிறகுதான் வந்தான். மைக்ராஸ்கோப்பில் அவனையே பார்க்கச் சொன்னேன். உயிரணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆபரேஷன் பலிக்கவில்லை என்பதை அவனே கண்ணால் பார்த்துவிட்டான்.

அடுத்த பஸ்ஸில் மாரீஸ்வரியின் தாய் வீட்டுக்குப் போய், தெருவே பார்க்க அழுதுகொண்டு சொன்னான்: "எம் பிள்ளைதான். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்." மாரீஸ்வரி ஆம்புலன்ஸில் ஏறினாள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் எதுவும் செய்ய முடியாத கட்டம். தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது.

சாவு வீட்டில் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "எந்தாயி, பத்தினியாப் போய்ச் சேந்தியே!"

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

3. அதன் பிறகு

அதற்கப்புறம் புருஷனை மட்டும் உட்கார வைத்துப் பேசியதில்லை. மனைவியும் மாமியாரும் வந்தாக வேண்டும். ஆபரேஷன் இன்னும் முடியவில்லை, மூன்று மாதம் கழித்து டெஸ்ட்டில் உயிரணு இல்லை என்று வரும்வரை கரு நின்றால் அது இவன் பிள்ளைதான் என்று மூவர் முன்னாலும் சொல்வேன். சொல்லும்போது கூச்சப்படாதீர்கள். நீங்கள் கூச்சப்பட்டால் அவன் இரண்டு மடங்கு கூச்சப்படுவான்.

பிறகும் பலமுறை வேல்ச்சாமியின் ஊருக்குப் போனேன். நான் ஓய்வு பெறும்வரை அங்கிருந்து ஒரு ஆண்கூட ஆபரேஷனுக்கு வரவில்லை. "ஆம்பளைக்குச் செஞ்சா பொம்பளைக்குப் பழி வருது சார், எங்களுக்கே செஞ்சிருங்க" என்று பெண்களே வந்து ஆபரேஷன் மேஜையில் படுத்தார்கள்.