வெள்ளைச் சாமந்தி மாலை

அந்த மாலையை வாங்கியது நான்தான். தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கார அக்கா ரோஜா மாலை தீர்ந்துவிட்டது என்றார். வெள்ளைச் சாமந்தியை நெருக்கிக் கட்டிய மாலை ஒன்று தொங்கியது, பார்க்க எடுப்பாக இருந்தது. மறைமலை நகரில் நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். அவருக்கு மாலை போட்டு, அவர் கையாலேயே புது மெஷினை ஓடவிடுவதாகத் திட்டம்.

அந்த மெஷினைத்தான் வாங்க வேண்டும் என்று அடித்துப் பேசியவள் நான். அவருக்கோ இரண்டு நாளில் விசா முடிகிறது. மெஷின் ஓடாமல் அவர் விமானம் ஏறினால் என் வேலையும் அவர் பின்னாலேயே போய்விடும். முந்தின நாள் கேன்டீனில், மறுநாள் தன் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். தினமும் முடிச்சூரிலிருந்து வேலைக்கு வரும் வழியில் போனைப் பார்த்துக் கற்ற சீனத்தில், ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொன்னேன். அவர்கள் பாஷையே எனக்குத் தெரியும் என்று கொஞ்சம் தலைக்கனம்.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் மேனேஜர் அவருக்கு மாலையைப் போட்டார். எல்லோரும் கைதட்டினோம். அவர் முகம் வெளிறிப்போனது. மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்லித் தொலைச்ச அவர்கிட்ட?"

அங்கே சீனம் பேசுகிறவள் நான் ஒருத்திதானே. காலையிலிருந்து வாயே திறக்கவில்லை சார் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு மேனேஜர் மேலும் கோபம், இப்படி மானத்தை வாங்கிவிட்டுப் போன அந்த மனிதர் மேலும் கோபம்.

அவரைத் தேடிப் போனேன். லோடு இறக்கும் இடத்தில், வெயிலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு நடந்தது என்று கேட்டேன். அவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்கள் ஊரில் அந்த வெள்ளைப் பூவைச் செத்தவர்களுக்குத்தான் வைப்போம். அப்பா ஆபரேஷன் அறையில் இருக்கிறார்."

என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது யாராவது அம்மா போட்டோவுக்கு மாலை போட்டால் நான் சும்மா விடுவேனா? என் கையிலிருந்த போன்கூட அவர்கள் நாட்டில் செய்ததுதான். அந்த நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டுப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கச் சீன வார்த்தை தெரியும், அந்த நேரத்துக்கு அது வாயில் வரவில்லை. தமிழிலேயே கேட்டேன். மேனேஜர் மூன்று முறை போன் செய்தார். நான் எடுக்கவும் இல்லை, எஞ்சினியரை உள்ளே கூப்பிடவும் இல்லை. பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் போன் அடித்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஓடியது.

காலையில் பூஜையின்போது யாரும் சொல்லாமலே அவர் ஷூவைக் கழற்றியதும், வலது கையை நீட்டிப் பிரசாதம் வாங்கியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் உங்களைப் பற்றிப் படித்தேன்," என்றார். "நீங்கள் என்ன படித்தீர்கள்?"

மெஷினோடு வந்த மேனுவலை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.