தன் ஆட்சேபணைக்குத் தானே எழுதிய பதில்

“என் காது இந்தக் கட்டடத்துல இருக்கிற வரைக்கும் சுருதி பாக்கிற பெட்டி எதுவும் உள்ள வராது.”

இசைக் கல்லூரியின் முப்பத்தெட்டுப் பியானோக்களுக்கும் சுருதி சேர்ப்பவர் பதினோரு வருடங்களுக்கு முன் இப்படி முழங்கினார். முழங்கியதோடு விட்டிருந்தால் பேச்சு காற்றோடு போயிருக்கும். அவரோ ஆறு காரணங்களை மூன்று பக்கத்துக்கு எழுதி, கையெழுத்தும் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். கல்லூரி மிரண்டுபோய், சுருதி காட்டும் மின்னணுக் கருவி வாங்கும் யோசனையைக் கைவிட்டது.

அந்தக் காது இப்போது சொல்லாமல் கொள்ளாமல் பாதி ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தது. சலவை இயந்திரம் வேலை முடித்துக் கீச்சிட்டால், பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு மட்டும் தெரியாது. கல்லூரியிலும் அதே கதைதான். மேல் ஸ்தாயியின் கடைசிப் பத்துக் கட்டைகள் பிசகுவதாகப் பியானோ ஆசிரியை இரண்டு முறை புகார் கொடுத்துவிட்டார். மூன்றாவது புகார் வந்தால் வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிடுவதாக முதல்வர் மிக இனிமையாகத் தெரிவித்திருந்தார்.

ஆகவே நம்மவர் கருவி கேட்டு விண்ணப்பித்தார். தாழ்வாரத்தில் ஓயாத தூசி உறிஞ்சியின் இரைச்சல், பக்கத்து அறைகளின் தேர்வுக்காலச் சாதகம், மேடையின் இரண்டு பியானோக்களும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எனக் காரணங்களை அடுக்கினார். எல்லாமே சத்தியம். உண்மையான காரணம் அவற்றின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருந்தது.

எந்தக் காகிதத்தையும் தொலைத்தறியாத அலுவலக எழுத்தர் அம்மாள் ஒரு பழைய கோப்பை எடுத்து வைத்தார்.

“இது வேண்டாம்னு ஏற்கெனவே ஒருத்தர் ஆட்சேபணை குடுத்திருக்காரு சார். அதுக்குப் பதில் சொல்லாம மேல அனுப்ப முடியாது.”

“யாரு அந்த ஆளு?”

“தெரியல சார். கொஞ்சம் பிடிவாதக்காரர் போல.”

சொன்னபோது அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பழைய தன்னோடு மல்லுக்கட்டினார். முதல் ஐந்து ஆட்சேபணைகளையும் ஈவிரக்கமின்றித் துவைத்துக் காயப்போட்டார். “என்னமா அளந்து விட்டிருக்கான் பாரு, கர்வம் பிடிச்சவன்” என்று அவர் பொருமியது மனைவியின் காதில் விழுந்தது.

“மரியாதையா பேசுங்க. அவரு எங்க வீட்டுக்காரரு.”

ஆறாவதில் பேனா நின்றது. ‘சுருதி சேர்ப்பவரின் செவி தளர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நாள் வராது’ என்று எழுதியிருந்தது. ஈரப்பதத்தைச் சாட்சிக்கு இழுத்துப் பார்த்து அடித்தார். தட்பவெப்பத்தை இழுத்து அதையும் அடித்தார். இதை ஒப்புக்கொண்டால் மூன்றாவது புகாருக்குக்கூடக் காத்திராமல் முதல்வர் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டாரா?

மறுநாள் மதியம் நான்காம் எண் பயிற்சி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிக் கட்டையை அழுத்தினார். மரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி அழுத்தினார். மரம்தான்.

பியானோ மூடியின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார்: ‘ஆறாவதற்குப் பதில்: அந்த நாள் வந்துவிட்டது. கடைசிப் பத்துக் கட்டைகள் எனக்குக் கேட்பதில்லை. மற்றவற்றுக்கு என் காது போதும்.’

எழுத்தர் அம்மாள் அந்த வரியை இரண்டு முறை படித்தார். “இது இருக்கட்டுமா சார்?”

“இருக்கட்டும்மா.”

அடுத்த மாதம் அதே அறையில், புதிதாக வந்த பெட்டியின் முள் நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் கடைசித் தந்தியை முறுக்கிவிட்டு, அவர் அடுத்த அறைக்குப் போனார்.