அடுப்பு வெட்டும் கியாசுதீன்

முதுகு மூட்டையை இறக்காமலே கியாசுதீன் பாய் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து உயரத் தூக்கிப் பிடிக்கிறார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறாராம். கொள்ளிடத்து மணல்திட்டுக்கு வந்து சேர்ந்த மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் காலை நீட்டிச் சாய்ந்துவிட்டோம். அவருக்கு மட்டும் மணலில் அடுப்பு வெட்டாமல் உட்காரத் தெரியாது. "மொதல்ல அடுப்பு, அப்புறந்தாங்க முதுகு" என்பார்.

திருச்சி பெரிய கடைவீதியில் தகரப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். ஆள் குட்டை, குரல் நெட்டை. கடையில் முழக்கோல் ஒன்று ஆணியில் தொங்கித் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அளவெல்லாம் கையால்தான். கல்யாணப் பெண்ணுக்குப் பெட்டி வாங்க வருகிறவர்களிடம், "பொண்ணு எந்த ஊருக்குப் போவுது? பஸ்ஸா, ரயிலா?" என்று குடும்பக் கதையையே கேட்டுவிடுவார். பிறகு விரலை விரித்து ஒரு பெட்டியைச் சாண் போட்டு, முட்டியால் தட்டி, "இது சீட்டுக்கடியில போயிடும், எடுத்துக்கங்க" என்று முடித்துவிடுவார்.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் நடைச் சங்கம் தெப்பக்குளத்தில் கூடும். காவிரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்தைக் குறுக்கே தாண்டி, கொள்ளிடத்தின் முழங்கால் தண்ணீரில் இறங்கி இந்தத் திட்டுக்கு வருவோம். ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். ஜட்கா வண்டியில் ஏறினவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. வீட்டில் சோறு இருக்கும்போது நடு ஆற்றில் போய் ஆக்கித் தின்பானேன் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

நாங்கள் ஐந்து பேர். அடுப்போ மூன்று. பாய்க்கும் ரயில்வே குமாஸ்தா கிளமென்ட்டுக்கும் ஒன்று. அதில் கருவாடு மணக்கும். பள்ளிக்கூட வாத்தியார்களான எனக்கும் தொட்டியத்து வெள்ளைச்சாமிக்கும் ஒன்று. அதில் கத்தரிக்காய் கரியும். மூன்றாவது அடுப்பு ஸ்ரீரங்கத்து வரதாச்சாரிக்கு. கோர்ட்டில் குமாஸ்தா. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களைப் போல நடித்துக்காட்டி வழியெல்லாம் எங்களை வயிறு நோகச் சிரிக்க வைப்பார். ஆனால் சாப்பாட்டு வேளை வந்ததும் ஆளே மாறிவிடுவார். சமைப்பதையும் உண்பதையும் பிறர் பார்க்கலாகாது என்பது அவர் வீட்டு ஆசாரம். திட்டின் கடைக்கோடிக்குப் போய், இரண்டு கழி நட்டு, ஈர வேஷ்டியை மறைப்பாகக் கட்டிக்கொள்வார்.

பாய்க்கு இது பொறுக்கவில்லை. கோபமில்லை, ஏக்கம்தான். ஒரு தடவை மணலை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவரு சட்டியில நான் ஏன் கை வைக்கப் போறேன் வாத்தியாரே? நாள் பூரா ஒண்ணா நடக்குறோம். சோறு உங்குற நேரத்துலயும் ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே உங்கணும். இதுக்குப்போயி தொழுகையில துஆ கேக்குறேன்னு எங்க வீட்டுல சிரிக்கிறாங்க."

துஆ கேட்டதோடு நிற்கவில்லை மனிதர். அடுப்பு வெட்டும் வேலை அவருடையதுதானே! ஒவ்வொரு மாதமும் வரதாச்சாரியின் அடுப்பை எங்கள் பக்கமாக ஒரு சாண் தள்ளி வெட்டினார். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் கட்டெறும்புங்க", "அங்கிட்டு மண்ணு ஈரமா இருக்கு" என்று ஏதாவது வைத்திருப்பார். நாலைந்து வருஷத்துக்கு முன் தொடங்கிய நாளில், உப்பு வேண்டுமா என்று கேட்கக் கத்த வேண்டியிருந்தது. போன தைமாதம் அவர் தாளிப்பில் கடுகு வெடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அன்று வேஷ்டி மறைப்புக்குப் பின்னாலிருந்து சாட்சிக் கூண்டுக் குரல் ஒன்று எழுந்தது. வரதாச்சாரி சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்கு நடித்துக் காட்டினார்! பாய் கையில் கவளத்தோடு குழந்தை மாதிரி சிரித்தார். 

அந்தச் சந்தோஷம்தான் ஆளைக் கெடுத்தது. மாசிமாதம் பாய்க்கு நிதானம் தப்பிவிட்டது. சாண் கணக்கை மறந்து ஒரேயடியாக இரண்டு எட்டு தள்ளி அடுப்பை வெட்டிவிட்டார். வரதாச்சாரி அடுப்பையும் பாயையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பற்றவைத்தார். பொங்கல் இறங்குகிற நேரத்தில் காற்று திரும்பியது. கிளமென்ட் சுட்டுக்கொண்டிருந்த கருவாட்டுப் புகை நேரே மறைப்பைத் தாண்டிப் போய்ப் பானைமேல் இறங்கியது.

வரதாச்சாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் கவிழ்த்துவிட்டு, கழுவி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாய், உம்ம வேலை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீரா? மாசம் ஒரு சாண் நகத்திண்டு வந்தீர். பாத்துண்டுதான் இருந்தேன். இன்னிக்கு ஒரேயடியா தாவிட்டீர்."

"தப்புதாங்க சாமி" என்றார் பாய். அந்த நெட்டைக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அடுப்பைப் பழைய எடத்துக்கே கொண்டுபோயிடும். நான் அடுத்த மாசம் வரேனோ இல்லையோ, அது பெருமாள் சித்தம்."

அன்று அவர் பட்டினி. பாயும் தன் பங்கைத் தொடவில்லை. "நமக்கென்ன பாய், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிப் பார்த்த கிளமென்ட்டும் இரண்டு வாயோடு இலையை மடித்துவிட்டான். திரும்பும் வழியில் யாரும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

அந்த மாதம் முழுக்க பாய் கடையில் பெட்டியைத் தட்டிக் காட்டவே இல்லை. நான் போனபோதெல்லாம், "வருவாருங்களா?" என்ற ஒரே கேள்விதான். அவரே ஸ்ரீரங்கம் போய்க் கேட்கலாமே என்றேன். "வீட்டு வாசல்ல போயி நின்னா அவருக்குச் சங்கடங்க. ஆத்துலதான் நாங்க சிநேகிதம்" என்றார். 

பங்குனி வந்தது. இந்தச் சனிக்கிழமை காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பாய் ஸ்ரீரங்கத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழக்கமாக வந்து சேர்ந்துகொள்ளும் அம்மாமண்டபம் திருப்பத்தில் வரதாச்சாரி மூட்டையும் பானையுமாக நின்றிருந்தார். "என்ன ஓய், ஊர்கோலம் மாதிரி இவ்ளோ மெதுவா?" என்று கேட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். பாய் அவசரமாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றுதான் சொன்னார்.

இப்போது விரலை இறக்கிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாய் திட்டின் கடைக்கோடிக்கு நடக்கிறார். பழைய இடம். கத்தினால்தான் கேட்கும். மண்வெட்டியை அங்கே ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். குளிக்க இறங்கிய வரதாச்சாரி பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.  பிறகு வரதாச்சாரி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுகிறார். எழுந்திருக்க அவருக்கு அவசரமே இல்லை.

பாய் மண்வெட்டியைப் பிடுங்குகிறார். குந்தி உட்கார்ந்து மணலில் உள்ளங்கையை விரிக்கிறார். எங்கள் பக்கமாக ஒரு சாண் அளந்து, சுண்டுவிரல் தொட்ட இடத்தில் வெட்டத் தொடங்குகிறார்.