தொட்டி நிறைவதற்குள்

மோட்டாரைப் போட்டுவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, 'சரிதான்' என்று தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்ட பிறகுதான் சங்கரசுப்பு உட்காருவார். தெரு வால்வுகளைத் திறக்கும் நீண்ட இரும்புச் சாவியைச் சுவரோடு சாய்த்து வைப்பார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுப்பார். கண்ணாடியை மாட்டுவார். முந்தின நாள் எடுத்த படங்களுக்கு அப்போதுதான் வைத்தியம் ஆரம்பமாகும்.

சங்கரன்கோவிலில் நாலைந்து தெருக்காரர்கள் காலையில் முதலில் தேடுவது இவரைத்தான். தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி. ஆள் ஒல்லி, மீசை மட்டும் கனம். படம் எடுப்பதில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். பாதிப் படங்களில் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். வாசுதேவநல்லூருக்குக் கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மலைமேல் இறங்கிய மேகத்தை எடுத்துக்கொண்டு வருவார். கேட்டால், "எடுக்கதுல நான் சுமாருதான். பொறவு தேத்திருவேன்லா!" என்பார்.

அப்படித் தேற்றுவதற்காக அவர் போனில் ஏற்றிப் பார்க்காத செயலி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்தைத் தொட்டதுமே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைப்பது 'பவுடர் டப்பா'. முதல் வாரம் எல்லாம் இலவசம் என்று குழைந்து பேசிவிட்டு, பிறகு வருடச் சந்தா என்று கழுத்தில் துண்டைப் போடுவது 'கந்துவட்டி'. படத்தின் மூலையில் தன் பெயரைப் பெரிதாக எழுதிவைப்பது 'உபயம்'. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குக் கொடுத்தவர் பெயரை எழுதியிருப்பார்களே, அந்தக் கணக்கு.

ஆட்டு வியாபாரி பெத்துராஜ் ஒருநாள் அவரிடம் மல்லுக்கு நின்றார். "ஓசியில கெடச்சா என்ன, காசு குடுத்தா என்ன அண்ணாச்சி? படம் நல்லா வந்தாச் சரிதான?" கிடாய்ப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு விற்கிறவர் அவர். சங்கரசுப்பு பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "காசு கேக்கது தப்பில்ல வே. கேக்குத விதம்னு ஒண்ணு இருக்குல்லா? அதை விடும். இந்தத் தொட்டி நெறையதுக்குள்ள பழகிறணும். அதுக்குள்ள பழக முடியலயா, அது நமக்கு ஆவாது."

அவருடைய அளவுகோல் அதுதான். தொட்டி நிறைவதற்குள் வெளிச்சம் கூட்டவும், ஓரத்தை வெட்டவும், கோணலை நிமிர்த்தவும் கைவந்துவிட வேண்டும். அந்தப் பரீட்சையில் தேறிய ஒரே ஒரு செயலிக்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, நாலே நாலு பொத்தான். யார் கேட்டாலும் அதையே ஏற்றிக் கொடுப்பார்.

கேட்கிறவர்களுக்கும் குறைவில்லை. எதிர்வீட்டு ஹாலிதா தையல்காரி. தைத்த ஜாக்கெட்டுகளை ஸ்டேட்டஸில் வைப்பாள். "அண்ணாச்சி, நான் தச்சது அரக்குக் கலரு. படத்துல தக்காளியாத் தெரியுது. சேலைக்குச் சேரலன்னு ஒருத்தி சண்டைக்கு வாரா" என்று ஒருநாள் குழாயடியிலேயே பிடித்துக்கொண்டாள். போனை வாங்கிப் பார்த்தார். 'பவுடர் டப்பா'வின் கைவரிசை. "அழகுபடுத்துத பொத்தானை அமுக்காத தாயி. வெளிச்சத்தை மட்டும் ஒரு பொட்டு கூட்டு. கலர்ல கையே வைக்கப்படாது." அன்றைக்கே அவள் 'நல்ல பிள்ளை'க்கு மாறிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற மனிதர், தம் வீட்டுக்குள் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் மனைவி ஆறுமுகத்தாய்க்கு இரண்டு வருடம் முன்பு வாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, வலது கையும் விழுந்துவிட்டது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, மெல்லமெல்ல மீண்டு வந்தார். வீடு திரும்பிய பிறகு வெகுநாள் பேசாமலே இருந்தவர், ஒரு காலையில், "காலைக் கழுவிட்டு உள்ள வாங்க, சகதி" என்று கணவரை அதட்டினார். சங்கரசுப்பு புறவாசலுக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதார். அந்த அதட்டல் திரும்பக் கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டருக்குச் சொன்னார், நர்சுக்குச் சொன்னார், ஆட்டோக்காரருக்குக்கூடச் சொன்னார். ஆறுமுகத்தாய்க்கு அந்தக் குழப்பம் இல்லை. கோமதி அம்மன் சந்நிதியில் தரும் புற்றுமண்ணை அன்றிலிருந்து தினமும் குழைத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்.

வாய் மட்டும் சற்றே இடப்பக்கம் இழுத்தபடி நின்றுவிட்டது. யாராவது போனைத் தூக்கினால் போதும், முந்தானை வாய்க்கு வந்துவிடும். இரண்டு வருடமாக அவருக்கு ஒரு படம் கிடையாது.

மகள் தேன்மொழி ஓசூரில் வீடு கட்டி முடித்துவிட்டாள். அடுத்த வாரம் பால்காய்ப்பு. "எப்பா, ஹால்ல நடுச் சுவரை உங்க ரெண்டு பேருக்குன்னுதான் விட்டிருக்கேன். பழைய படம் வேண்டாம். அம்மா இப்ப இருக்க மாதிரி படம் வேணும். இல்லன்னா அந்த ஆணியை அடிக்கவே மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். மனைவியிடம் கேட்டதற்கு, "இந்த வாயை ஓசூர்ல வேற மாட்டணுமாக்கும்" என்று உள்ளே போய்விட்டார்.

சங்கரசுப்பு ஒரு வேலை செய்தார். ஆறுமுகத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, அவர் அறியாமல் ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்தார். கட்டைவிரல் விழாத படம், அதிசயமாக. மறுநாள் தொட்டியடியில் உட்கார்ந்து, 'பவுடர் டப்பா'வை மறுபடி ஏற்றி, அழகுபடுத்தும் பொத்தானை அமுக்கினார். வாய் நேரானது. அவர் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தண்ணீர் திறந்த கையோடு வீட்டுக்கு ஓடினார்.

ஆறுமுகத்தாய் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"நெத்தியில மண்ணு எங்க?"

சங்கரசுப்பு குனிந்து பார்த்தார். நெற்றி வழவழவென்று துடைத்துவிட்டதுபோல் இருந்தது. புற்றுமண்ணை அழுக்கு என்று நினைத்துச் செயலி வழித்து எடுத்துவிட்டிருந்தது.

"அழிச்சிட்டியளே! கோமதி மண்ணைப் பூசித்தான நான் எந்திரிச்சு நடமாடுதேன்? அவளை அழிச்சிட்டு வாயை நிமித்தி என்னத்துக்கு?"

மறுநாள் காலை தொட்டியடியில் பெரிய போராட்டம் நடந்தது. வாய் நேராக வேண்டும், மண்ணும் இருக்க வேண்டும். அந்தச் செயலிக்கோ அழித்தால் எல்லாவற்றையும் அழிக்கத்தான் தெரிந்தது. விரலால் மண்நிறம் தீட்டிப் பார்த்தார். புளிக்குழம்பு தெறித்ததுபோல் இருந்தது. அழித்தார், தீட்டினார், அழித்தார். அந்த மும்முரத்தில் தொட்டி நிறைந்ததே காதில் விழவில்லை. வழிந்து தலையில் கொட்டிய பிறகுதான் எழுந்து ஓடி மோட்டாரை நிறுத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் கைக்குத் தொட்டி வழிந்தது அதுதான் முதல் தடவை.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே ஹாலிதாவும் என்ன ஏதென்று பார்க்க வந்துவிட்டாள்.

"முடியல, ஏட்டி. வாய் நிமிந்தா மண்ணு போவுது. மண்ணு நின்னா வாய் கோணுது."

ஆறுமுகத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோணல் வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப ரெண்டும் இருக்கட்டும். ரெண்டோடதான அவ என்னைத் திருப்பி அனுப்பிச்சா? போங்க, தலையைத் தொவட்டிட்டு வேற சட்டையைப் போட்டுட்டு வாங்க. ஓசூருக்கு நனஞ்ச கோழியாவா போவப் போறிய?"

சட்டை மாற்றி வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். கைகள் இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார். ஹாலிதா போனை வாங்கிப் பின்னால் இரண்டடி நகர்ந்தாள். போன் உயர்ந்ததும் பழக்க தோஷத்தில் முந்தானை வாய்க்குப் போய்விட்டது. சங்கரசுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார்.

"என்னக்கா, படமே மங்கலா இருக்கு. மேல எல்லாம் தண்ணிக் கறை" என்றாள் ஹாலிதா.

"தொட்டித் தண்ணிலா. இங்கன தா."

ஆறுமுகத்தாய் முன்னே வந்து போனை வாங்கினார். வாயிலிருந்த முந்தானையை எடுத்தார். அதாலேயே கேமராக் கண்ணாடியை அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தரம் துடைத்து ஹாலிதாவிடம் கொடுத்தார். பிறகு முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.