இடது பக்கம் இழுத்த வண்டி

அப்பாவின் வண்டிக்கு முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதி, இரண்டு சக்கரங்களின் மேல் உட்கார்ந்த சரக்குத் தட்டு. கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவின் லேத் பட்டறைகளில் கடைந்த இரும்புச் சாமான்களைச் சாந்த்ராகாச்சி குடோன்களுக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். அதை ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவும் முடித்துவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

போன வருடம் அப்பாவுக்கு இடது பக்கம் லேசாக வாதம் வந்து போனது. கை முழுவதும் தேறிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வண்டி இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. கொஞ்சம் அசந்தால் சாக்கடை ஓரத்துக்குப் போய்விடுகிறது என்றார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. என் கைதான் போயிட்டிருக்கு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். டாக்டர் சொன்னதைவிட அவருக்கு வண்டி சொன்னதில் நம்பிக்கை அதிகம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கார்டன் ரீச்சிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியைப் பார்க்க வருவதாகவும், பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றும், அப்புறம் தான் ஏதாவது குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போகப்போவதாகவும் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

வண்டி போவதைவிட, கை போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலையில் சாவியை எடுத்தேன். நான் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வங்காள மொழியில் தீர்ப்புச் சொன்னார். "முன்சக்கரத்து ஃபோர்க் வளைஞ்சிருக்கு, மா. வேற ஒண்ணும் கிடையாது." தெருவில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. யாரும் வண்டியைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

முதலில் காற்றைப் பார்த்தேன். பின்சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவு. பிறகு பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, சக்கரங்களைக் கையால் சுழற்றினேன். பிரேக் எங்கேயும் உரசவில்லை. எங்கள் சாலையே ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், அதனாலும் இழுக்கலாம். அதனால் மூடியிருந்த குடோன் ஒன்றின் சிமெண்ட் முற்றத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தரை சமமாக இருந்தது. மெதுவாக ஓட்டி, ஹேண்டில் பிடியைத் தளர்த்தினேன். வண்டி இடது பக்கம் திரும்பியது. திரும்பத் திரும்ப ஓட்டினேன், ஒவ்வொரு முறையும் அதே இடதுதான்.

எனக்கு வாதம் வந்ததில்லை. அந்த முற்றத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு ஓட்டிப் பழக்கமில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சக்கரங்களுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வலது டயரில் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தன. இடது டயர் ஏறக்குறைய வழுக்கை.

"அம்மா, இந்த டயர் எப்போ மாத்தினது?"

"ஆயுத பூஜைக்கு. ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது. உங்கப்பா இடது பக்கம் ரொம்பத் தேஞ்சிருக்கு, அங்க போடறேன்னாரு. நான் விடல. புதுசு எதையும் வலது பக்கம்தானே முதல்ல வெக்கணும்?"

ஹவுராவில் எல்லோரும் விஸ்வகர்மா பூஜைக்கு வண்டியைக் கழுவி மாலை போடுவார்கள். நாங்கள் அதையும் செய்து, ஆயுத பூஜைக்கு இன்னொரு முறையும் செய்வோம். அந்த இரண்டாவது பூஜையில்தான் தெய்வத்துக்கு மரியாதையாகப் புது டயர் வலது பக்கம் ஏறியிருக்கிறது.

பூ கட்டும் நூலை இரண்டு டயர்களையும் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். வலது டயரின் சுற்றளவு நான்கு விரல் அதிகம். இந்த வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இருசில் சேர்ந்துதான் சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய சக்கரம் கொஞ்சம் கூடுதலாக முன்னே போகிறது, வண்டி சின்னச் சக்கரத்தின் பக்கம் திரும்புகிறது.

சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அம்மா நட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொள்ள, இரண்டு சக்கரங்களையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். ஃபோர்க் வளைந்திருந்தால் வண்டி இன்னும் இடதுதான் இழுக்கும். டயர்தான் காரணம் என்றால் வலது பக்கம் இழுக்கும்.

கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே கார்டன் ரீச்காரர் வந்துவிட்டார். கப்பல் பட்டறைப் பக்கம் சரக்கு ஏற்றுபவர், எங்களைப் போலத் தமிழர்தான். அப்பா போனிலேயே அவரிடம் குறையைச் சொல்லியிருந்தார்.

"இடது பக்கம் இழுக்கும்னீங்களே, அண்ணே? ஒரு ரவுண்டு பாத்துடறேன்."

நான் ஸ்பேனரோடு எழுந்து ஒதுங்கி நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா வாசல்படியில் நின்று, தன் வண்டியை இன்னொருவர் ஓட்டிப் போவதைத் தெருமுனை வரைக்கும் பார்த்தார்.

அவர் திரும்பி வந்தபோது முகம் கோணியிருந்தது.

"என்னண்ணே, மாத்திச் சொல்லிட்டீங்க? இது வலது பக்கம்ல இழுக்குது! எதிர்ல வந்த டோட்டோ ரிக்‌ஷாமேல போய் ஏறப் பாத்தேன்."

"வலது பக்கமா?"

"சத்தியமா வலது பக்கம்."

அப்பா என்னைப் பார்த்தார். என் கையில் கிரீஸ், ஸ்பேனர். கீழே கட்டைகள்.

"சக்கரத்த மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"அப்ப என் கை?"

"உங்க கைக்கு என்னப்பா? டயர்தான் ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ரெண்டும் ஒரே மாதிரி போட்டா நேரா போகும்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். வாதம் வந்த பிறகு இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஏய், கேட்டியா?" என்று அம்மாவிடம் திரும்பினார். "உன் வலது பக்கம் என்னை வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பப் பாத்துச்சு!"

"சாமிக்குச் செஞ்சது. வண்டிக்கு இருசு ஒண்ணுதான்னு எனக்கென்ன தெரியும்?" என்ற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். டீ போடத்தான் போனாள் என்று நினைக்கிறேன். வர வெகுநேரமானது.

"வண்டி விக்கிறதுக்கு இல்ல, தம்பி. மன்னிச்சுக்குங்க" என்றார் அப்பா.

"அட, பஸ் மாறி வந்திருக்கேண்ணே!"

"டீ சாப்பிடுங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுவந்து விடறேன்."

"இந்த வண்டியிலயா?"

"இழுக்கட்டுமே. எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவரைத் தட்டில் ஏற்றிக்கொண்டு, அப்பா இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து மெதுவாகத் தெருமுனையைத் தாண்டினார். வண்டி வலது பக்கம் இழுத்தது. அவர் அதை நேராக்கினார்.