கனகலட்சுமி கட்டிய திருஷ்டி பொம்மை

காரணிப்பேட்டையில் கனகலட்சுமியிடம் ஏச்சு வாங்காத வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை. வீட்டை வந்து பார் என்று கூப்பிட்டவர்கள் வாங்கினார்கள். ஏன் இன்னும் வந்து பார்க்கவில்லை என்று கேட்டவர்களும் வாங்கினார்கள். கையில் ஒன்றரை அடிக் கம்பித் துண்டோடு உள்ளே நுழைவாள். குடிக்கத் தண்ணீர் நீட்டினால் சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் ஏறி மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே வருவாள். கணீரென்று கேட்டால் இறங்கிவிடுவாள். பொத்தென்று கேட்டால் அங்கேயே குத்தி நெம்புவாள். காரை பொலபொலவென்று எல்லார் தலையிலும் கொட்டும்.

"எத்தினி வருசமா இதுக்குக் கீய படுத்துக்கினு கீறீங்க? புள்ளைங்கள நசுக்கவா பெத்தீங்க?" என்பாள்.

கடன் கேட்டவர் வீட்டுக்குள்ளேயே வந்து இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கடன் கொடுக்கும் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை என்று சொல்ல ஆளில்லை. மாமனார் வீட்டு ஒன்றேகால் ஏக்கர் நிலம் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்ட வருஷம் அவள் சித்தாள் வேலைக்குப் போனாள். அந்த நிலத்தில் எழுந்த கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் கட்டியதில் அவள் சுமந்த கல்லும் உண்டு. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் ஜல்லி சுமந்தாள். எந்த மேஸ்திரி மணலை அதிகம் போடுகிறான், எவன் கம்பியை எண்ணிக்கையில் குறைக்கிறான் என்று கீழே நின்றே சொல்லிவிடுவாள். அதனால் மேஸ்திரிகளுக்கும் அவளைக் கண்டால் ஆகாது.

ஊரின் பழைய பகுதியில் இருப்பவை பெரும்பாலும் தொகுப்பு வீடுகள். முப்பது வருஷத்துக்கு முன் அரசாங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்தவை. இப்போது அவற்றின் மேல்தளத்தில் கம்பி துருவேறி, வெடித்து, பாளம் பாளமாக விழுகிறது. வங்கிக்குப் போனால் அந்த வீட்டின் மேல் ஒரு பைசா தரமாட்டார்கள். கனகலட்சுமியும் அவளோடு வேலை செய்த ஐந்து பெண்களும் சேர்ந்து கூரை சீரமைப்புச் சங்கம் ஆரம்பித்தது அதற்காகத்தான். பேரூராட்சி வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கும். பணம் அதனுடையது என்பதால் செயலாளரைப் போடுவதும், முகாந்திரம் இருந்தால் நீக்குவதும் பேரூராட்சி மன்றம்தான். சங்கம் அதை மூன்று தவணையாகக் கடன் கொடுக்கும். வீட்டுக்காரர் மாதாமாதம் திருப்பிக் கட்டுவார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பழுது பார்க்கத்தான் பணம், புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

பகை அந்த நிபந்தனையில்தான் முளைத்தது. காரணிப்பேட்டையில் இன்று நெல் விளைகிற வயலைவிட வாடகை விளைகிற அறைதான் அதிகம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பையன்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுத்து எழுந்து போகிறார்கள். நல்ல தளம் வைத்திருப்பவனுக்கெல்லாம் மேலே இன்னும் ஓர் அறை எழுப்ப ஆசை. பழுது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று வந்தவர்களைக் கனகலட்சுமி தெருவில் வைத்தே கிழித்தாள்.

அப்படிக் கிழிபட்டவர்களில் ஒருவன் ஏழாவது வார்டு கவுன்சிலர் வெங்கடேசனின் மச்சான். அவன் வீட்டுத் தளத்தை ஒரு மூலை விடாமல் தட்டிப் பார்த்துவிட்டு, வாடகைக்கு இருந்த பையன்கள் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே அவள் சொன்னாள்: "தளம் கல்லு மாரி கீது. விரிசல் ஒன்னு கீதுன்னா அது உன் புத்திலதான்."

பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மச்சான் வழியாக வெங்கடேசனிடம் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவன் சங்கத்தின் ஒவ்வொரு தாளையும் புரட்ட ஆரம்பித்தான். ஒன்றும் சிக்கவில்லை. சிக்க வைத்தவள் கனகலட்சுமியேதான்.

லீலா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் இல்லை. மகள் கவிப்பிரியா பன்னிரண்டாவது படிக்கிறாள். ஆவணியில் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டு மேல்தளத்திலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் மகளின் படிப்பு மேசையில் விழுந்தது. நல்லவேளை, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கனகலட்சுமி வந்து தட்டினாள். நாலு மூலையும் பொத்துப் பொத்தென்றது. ஒட்டுப்போட்டு நிற்காது, முழுத் தளத்தையும் உடைத்து, அதே சுவர் மேல் அதே அளவுக்கு மறுபடி போட வேண்டும் என்று எழுதினாள். முதல் தவணையில் பழைய தளத்தை உடைத்தார்கள். முட்டுக் கொடுத்து, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை ஏற்றினார்கள். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இரண்டாம் தவணை வர வேண்டும். அதுவரை தாயும் மகளும் பக்கத்து வீட்டு வராந்தாவில் படுத்தார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் தளம் போட்டுவிட்டால் சுவர் தப்பும். இல்லையென்றால் திறந்து கிடக்கும் மண்சாந்துச் சுவர் ஊறி உட்கார்ந்துவிடும். வீடே போகும்.

பலகை ஏறிய அன்று கனகலட்சுமி கடைத்தெருவில் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கினாள். வைக்கோல் திணித்து, பெரிய மீசை வரைந்து, நாக்கு நீட்டிய பொம்மை. அதைக் கொண்டுவந்து லீலா வீட்டு முட்டுக்கழியில் கட்டிவிட்டுப் போனாள். யோசித்துச் செய்ததில்லை. சித்தாளாக இருந்த காலம் முழுக்கப் பொம்மை கட்டாத பலகையில் அவள் கால் வைத்ததில்லை. கை அதுவாகக் கட்டியது.

ஆனால் பொம்மை தொங்கினால் அது புதுக் கட்டடம். பழுது பார்க்கிற வீட்டுக்கு யாரும் கட்டமாட்டார்கள். காரணிப்பேட்டையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாளே அந்தப் பொம்மை வெங்கடேசனின் போனில் இருந்தது.

புரட்டாசி மாத மன்றக் கூட்டத்தில் லீலா வீட்டு இரண்டாம் தவணையையும் வரிசையில் நின்ற மற்ற பத்தொன்பது வீட்டுக் கடனையும் சேர்த்து விடுவிக்கும் தீர்மானம் வந்தபோது அவன் எழுந்தான். பேரூராட்சித் தலைவர் கோமதியம்மாளிடம் போனைக் கொடுத்தான். அது மேசை மேசையாகச் சுற்றியது. மீசையைப் பார்த்து இது செயல் அலுவலர் போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, செயல் அலுவலரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

"பழுது பாக்கிற வூட்டுக்கு எவனாச்சும் பொம்ம கட்டுவானா? நீங்களே சொல்லுங்க தலைவரம்மா," என்றான் வெங்கடேசன். "ஊர் பணத்துல புது வூடு எயும்புது. நாளைக்கு மேல ரூம்பு வரும்."

வாசலில் நின்ற கனகலட்சுமியை உள்ளே கூப்பிட்டார்கள். பொம்மையைக் கட்டியது யார் என்று கோமதியம்மாள் கேட்டார்.

"நான்தான்."

"பார்த்தீங்களா, அவங்க வாயாலயே ஒத்துக்கினாங்க," என்று வெங்கடேசன் உட்கார்ந்தான்.

சுவர் பழைய சுவர், ஒரு அங்குலம் ஏறவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்து பாருங்கள் என்று அவள் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அளக்கத் தெரிந்தவர் இந்த அறையில் எத்தனை பேர், வரி கட்டாத அறை கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டாள். அதுவரை சும்மா இருந்த நாலு கவுன்சிலர்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. விளக்கம் கொடுத்தால் வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

கூட்டம் முடிந்து கோமதியம்மாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு இந்தச் சண்டையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும்.

"கனகா, பத்தொம்போது வூடு வரிசைல நிக்குது. அந்த ஒரு வூடு விதிய மீறிடுச்சின்னு எயுதிக் குடு. மத்த பணத்த நான் வுட்றேன்."

"அந்தப் பொம்பளகிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்கக்கா. அப்புறம் எயுதறேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் சங்கத்து வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவன் புருஷோத்தமன். கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சமையலறைத் தளம் தொங்குகிறது என்று மூன்று மாதமாக அலைகிறவன். அவளிடம் அவன் வாங்கிய ஏச்சுக்கும் குறைவில்லை.

"யக்கா, லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சின்னா லைனயே நிறுத்த மாட்டோம். அந்த ஒரு பீஸ எடுத்து ஓரமா வெச்சிட்டு ஓட்டிக்கினே இருப்போம்."

"ஓரமா வெக்கற எடத்துல கூர கீதா?" என்றாள் கனகலட்சுமி.

அவனுக்குக் கோபம் வந்தது. உன் பொம்மைக்கு எங்கள் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று கத்தினான். பின்னாலிருந்து ஒரு பெண், இவளுக்கு யார் இந்தப் பதவியைக் கொடுத்தது என்று கேட்டாள். சங்கம் ஆரம்பித்த ஐந்து பெண்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தோடேயே நின்றார்கள். அதைக் கனகலட்சுமி பார்த்தாள்.

கடைசியாக லீலா வந்தாள். கேன்டீன் சீருடையைக்கூட மாற்றவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது.

"யக்கா, பொம்ம கட்டுன்னு நான் கேட்டனா?"

கனகலட்சுமி கையிலிருந்த கம்பித் துண்டை வாசல் படியில் சாய்த்து வைத்தாள்.

"கேட்டனான்னு சொல்லு. என் வூட்டு மேல உன் இஷ்டத்துக்கு இன்னாத்துக்குக் கட்டின? இப்ப எயுதிக் குடுத்துட்டு கையக் கய்விக்கப் போறியா? குடு. நானும் எம் பொண்ணும் பாய் தலவாணி எடுத்துக்கினு வந்து உன் வூட்லயே படுத்துக்கறோம்."

ஊரையே வாயால் அடக்கியவள் லீலா சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினாள். இல்லை. பத்தொன்பது பேர் சொன்னதிலும் பெரிய தப்பு இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வெங்கடேசனின் பக்கம் மட்டும் யோசித்துப் பார்த்தாள். அவனுக்கு லீலா யாரென்றே தெரியாது. லீலா வீடு இருந்தால் என்ன, இடிந்தால் என்ன? அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே எழுதினாள். எட்டாவதோடு நின்ற கையெழுத்து. மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நாலாவதில் முடித்தாள். படித்தவன் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. லீலா வீட்டில் நடப்பது பழுது வேலை. அதைப் புதுக் கட்டடம் போலக் காட்டும்படி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பொம்மை கட்டியது செயலாளராகிய நான். தவறு என்னுடையது மட்டும். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு, நிறுத்திய தொகையை இருபது வீட்டுக்கும் விடவும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை செயல் அலுவலர் அதைப் படித்தார். 'என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு' என்ற இடம் வந்ததும் வெங்கடேசன் எழுந்து, தானே முன்மொழிவதாகச் சொன்னான். நாலு கைகள் உடனே உயர்ந்தன. தீர்மானத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் இருபது வீட்டில் லீலா வீடும் இருப்பது அவனுக்கு உறைத்தது. அந்த வீட்டை எடுக்கச் சொன்னால், தவறு செயலாளருடையது மட்டும் என்ற எழுத்து அடிபடும். அந்த எழுத்து அடிபட்டால் அவளை நீக்க முகாந்திரம் இல்லை. ஒன்றைத்தான் பிடுங்க முடியும். அவன் அவள் பதவியைப் பிடுங்கிக்கொண்டான்.

புதுச் செயலாளராகப் புருஷோத்தமனைப் போட்டார்கள். அடுத்த பட்டியலில் வெங்கடேசனின் மச்சான் பெயர் இருக்கும் என்பது கனகலட்சுமிக்குத் தெரியும். புருஷோத்தமனால் அதைத் தடுக்க முடியாது என்பதும் தெரியும். சங்கத்துச் சாவியை அவன் கையில் கொடுக்கும்போது, "தட்டிப் பாக்காம ஒரு வூட்டுக்கும் குடுக்காத," என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டிய தலையை அவள் நம்பவில்லை.

வெளியே வந்தபோது வெங்கடேசன் வண்டியில் சாய்ந்து நின்றான். "இன்னாக்கா, இனிமே ரெஸ்ட்டா?" என்றான்.

"உன் மச்சான் மாடி கட்டட்டும். அன்னிக்கு வந்து ஒரு பொம்ம கட்டிட்டுப் போறேன். மீச உன்னுது மாரியே போட சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நேராக லீலா வீட்டுக்குத்தான் போனாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லீலா வராந்தாவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வா என்று கூப்பிடவில்லை.

"திங்கக்கெயம பணம் வந்துடும். செவ்வாக்கெயம கம்பி கட்டிடலாம்."

"ஞாயித்துக்கெயம மய வர்தாம். டிவில சொல்லிட்டான்," என்றாள் லீலா. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வாள் போலத் தெரியவில்லை. கனகலட்சுமியும் அதற்காக நிற்கவில்லை. பந்தல்காரர் வீட்டுக்குப் போய், அவரோடு வாடகைக்கு ஒரு சண்டை போட்டு, பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தலையில் சுமந்து வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுவரேறினார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது.

"அந்த மூலைய இன்னும் இயுத்துக் கட்டுமே. சோறு துன்றியா இல்லியா?"

"இப்பதான் உன்ன தூக்கிட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு அதட்டற?" என்றாள் லீலா. சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, இழுத்துக் கட்டினாள்.