நான் வைத்த பிள்ளையார்

ஒரு இடத்தில் உட்காருகிற ஆள் இல்லை நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. தெருமுனை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடியும் நடப்பேன். "தெருவ அளந்து யாருக்கு எழுதிக் குடுக்கப் போறிய?" என்பாள் மனைவி. எங்கள் தெருவை அளக்க ரொம்ப நேரம் ஆகாது. ஒரு பக்கம் நகரின் பெயர் எழுதிய வளைவில் முடியும், மறுபக்கம் சுவரில் முடியும்.

வண்ணார்பேட்டையைத் தாண்டி வெளியே வர வர எல்லாம் இப்படித்தான். முன்பு ஆற்று வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த நிலம். எந்த வயலை யார் எப்போது விற்றார்களோ அந்த வரிசையில் தெரு வந்தது. ஒருவர் வயல் ஒரு நகர், பக்கத்து வயல் இன்னொரு நகர். வரப்பு இருந்த இடத்தில் சுவர். வரப்பிலாவது நடக்க முடிந்தது.

என் வீடு சுவரை ஒட்டிய கடைசி வீடு. முட்டுச்சந்து, வண்டி வராது, தூசி வராது என்று ஆசைப்பட்டு வாங்கினேன். குடிவந்து ஒரு வருஷம் இருக்கும், அடுத்த நகர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்கள் தெருவும் அதே சுவரில்தான் வந்து முட்டுகிறது. ஒரு பத்தடி இடித்துவிட்டால் தங்கள் பிள்ளைகள் நடந்தே பஸ்ஸுக்குப் போய்விடும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் என் வாசலில் இனிமேல் ஊர்ப்பட்ட பைக் போகும் என்பது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது.

நலச்சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "அது தெருக்குத்து. நேரா வந்து முட்டுத இடம், தெறந்துவிட்டா நம்ம தெருவுக்கே ஆகாது. அங்கன ஒரு பிள்ளையார வச்சிரணும். வச்ச சாமிய யாரும் நவத்த முடியாது பாருங்க." எனக்குத் தெருக்குத்திலும் நம்பிக்கை இல்லை, வாஸ்துவிலும் இல்லை. சுவரைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் சுவரில் சாய்ந்தபடி மேடையும், மேடை மேல் பிள்ளையாரும், அவர் தலைக்கு மேல் சின்னக் கோபுரமும் வந்துவிட்டன. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்ததும் என் யோசனையே. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பிறகு மகளுக்குக் கல்யாணமாகி, வீடு பார்த்தார்கள். அமைந்தது அடுத்த நகரில், சுவருக்கு அந்தப்புறம் மூன்றாவது வீடு. செல்போன் மேப்பில் இரண்டு வீட்டுக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழையவில்லை. கூப்பிடு தூரம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். வண்டியில் போனபோதுதான் தெரிந்தது. வளைவைத் தாண்டி, பைபாஸ் ஓரச் சாலையில் எதிர்த்திசையில் போய், பாலத்தடியில் நுழைந்து, குளத்தங்கரை சுற்றி, அவர்கள் வளைவுக்குள் புக வேண்டும். மூன்று கிலோமீட்டர். பேத்தி பிறந்த பிறகு அவள் அழுகிற சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும். மனைவிக்கு முட்டுவலி, வண்டியில் ஏற முடியாது. கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நிற்பாள்.

போன ஆடியில், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பேத்தி அழுகிறாள், நிற்கவே இல்லை. மகளுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். சுவருக்கு அப்பால் மொட்டைமாடியில் மகள் நிற்கிறாள், தோளில் காய்ந்த துணி.

"யப்பா, காத்துல மாடிக்கதவு அடிச்சு உள்பக்கம் தாழ் விழுந்துட்டு. போன் கீழ கெடக்கு. பிள்ள தொட்டில்ல தனியாக் கெடக்கா. வாசக்கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, வாங்கப்பா."

மருமகன் தூத்துக்குடியில் வேலையில் இருந்தார். அந்தத் தெருவில் மற்ற வீடுகள் பகலில் பூட்டிக் கிடக்கும். நான் பிள்ளையார் மேடையில் செருப்போடு ஏறிவிட்டேன். கோபுரத்தைப் பிடித்து எம்பினால் கை கண்ணாடிச் சில்லில்தான் போய் நிற்கிறது. இறங்கி வண்டியை எடுத்தேன். பைபாஸில் ஒரு லாரி வழி விடாமல் போனது, பாலத்தடியில் தண்ணீர் கிடந்தது. அந்த மூன்று கிலோமீட்டரில் நான் திட்டாத ஆள் இல்லை. வயலை விற்றவனைத் திட்டினேன், பிளாட் போட்டவனைத் திட்டினேன். பாலம் தாண்டியதும் திட்டுவதற்கு நான் மட்டும்தான் மிச்சம் இருந்தேன்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுது அழுது தொண்டை கம்மி, தொட்டிலில் முகம் சிவந்து கிடந்தாள். தூக்கிக்கொண்டுபோய் மாடிக்கதவைத் திறந்தேன். மகள் அவளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "மேல இருந்து பாத்துக்கிட்டே நின்னேம்ப்பா. பிள்ள இங்க கத்துதா, நீங்க அந்தாக்குல எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போறிய. வருவியன்னு தெரியும். ஆனாலும் பாக்க முடியல."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே சங்கத்தைக் கூட்டச் சொன்னேன். பிள்ளையார் முன்னால்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். பிள்ளையாரைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டுச் சுவரைத் திறக்க வேண்டும் என்றேன்.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் என் கூடவே குடிவந்தவர். "வச்ச சாமிய நவத்த முடியாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?" என்றார்.

மானத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். "தெருக்குத்து, கிருக்குத்து எல்லாம் நான் அளந்துவிட்டதுதான்வே. பைக் வரக் கூடாதுன்னு சொன்ன பொய்யி."

யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது இங்கே வேண்டிக்கொண்டுதான். "நீங்க சொன்னது பொய்யா இருக்கலாம் அண்ணாச்சி. அதுக்காகப் பிள்ளையார் பொய்யாயிருவாரா?"

அப்போது சுவருக்கு அந்தப்புறம் பேத்தி அழ ஆரம்பித்தாள். எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து வண்டிச் சாவியை எடுக்க வீட்டுக்குள் போனேன்.